பக்கத்தின் கடைசி வரி

"அக்கா, அர்ஜென்ட் கேஸு! கடைய மூடு!"

ஆட்டோ நிற்பதற்குள் செங்கல்வராயன் போட்ட கத்தலில், செங்கல்பட்டு கோர்ட்டு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்சீட்டில் இருந்த பிரபாவுக்கு அப்படியே சீட்டுக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கேஸ் உனக்கா, உன் வண்டிக்கா?" என்று ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எனுக்கு இல்லக்கா. தோ, இந்தப் பொண்ணுக்கு. டெய்லி ஸ்டேஷன்லேர்ந்து ஆபீசுக்கு நாந்தான் இட்டுகினு போறேன். இன்னிக்கி ஏறினதுலேர்ந்து அழுதுகினே கீது. இன்னான்னு கேட்டேன். அது சொன்னதக் கேட்டா எனுக்கே பேஜாரா பூட்ச்சு. நேரா இங்க வந்துட்டேன்."

குரலுக்குச் சொந்தக்காரி வசுமதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் பழுதுப் புகார்களைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை பழகியவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆறு வருஷமாகக் கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை. சந்தேகப்படும்படி ஒரு பத்திரம் வந்தால் வக்கீல்கள் முதலில் அவளிடம்தான் நீட்டுவார்கள். அவள் லென்ஸை எடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா கேட்பார் என்பார்கள்.

"மொதல்ல தண்ணி குடி. அப்புறம் பேசு. அவசரமே இல்ல."

"இருக்கு மேடம். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் கையெழுத்து போட்டாகணும்."

"மணி பத்தே கால்தான் ஆகுது. குடி."

பிரபா குடித்தாள். சொன்னாள்.

"பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கொளவாய் இன்ஃபோன்னு ஒரு கம்பெனில இருக்கேன். மருந்துக்கடை மாடில. விடுதி, ஸ்கூல், கல்யாண மண்டபத்துக்கெல்லாம் சின்னச் சின்ன வெப்சைட் செய்வோம். நான், கேசவன்னு படம், டிசைன் பாக்கறவர், ஓனர் ரவிச்சந்திரன் சார். மூணே பேர்தான். சேரும்போது ஒன்றரை வருஷ பாண்டுன்னு சொல்லி, டிகிரி, மார்க் ஷீட்டு எல்லாம் ஒரிஜினல் வாங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டார். பாண்டு போன மாசமே முடிஞ்சுது. மெட்ராஸ்ல வேற வேல கெடைச்சுது. முறையா லெட்டர் குடுத்தேன். நேத்து வெள்ளிக்கிழமையோட எனக்குக் கடைசி நாள். திங்கக்கிழமை புது எடத்துல சேரணும். ஒரிஜினல் இல்லாம சேத்துக்க மாட்டாங்க."

"அங்க ஒரிஜினலக் காட்டணுமா, குடுக்கணுமா?"

"தெரியல மேடம். சம்பளத்தப் பாத்துட்டு லெட்டர மடிச்சு வச்சுட்டேன்."

"சரி. நேத்து என்ன ஆச்சு?"

"அஞ்சரைக்கு சர்ட்டிபிகேட் கேக்கப் போனேன். சார் ஒரு காகிதத்த எடுத்து டேபிள்மேல போட்டார். அதோட ஜெராக்ஸ்தான் இது. ராத்திரி பூரா பாத்து யோசின்னு குடுத்தனுப்பினார்."

மாமல்லபுரம் பக்கத்துக் கடல்நுரை விடுதியின் வெப்சைட்டிலிருந்து ஒரு பக்கம். மேலே அலைகள், தென்னை மரம், ஃபோன் நம்பர். வரவேற்பு வாசகம் இருக்க வேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில்: 'இங்கே தங்காதீர்கள். அறையில் எலி. சாப்பாட்டில் பல்லி.'

"நான் போற கோவத்துல இதப் போட்டுட்டேனாம். சர்வர் பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தான் தெரியுமாம். மதியம் ரெண்டு மணி போல பாத்தாராம். சர்வர்காரங்களுக்கு ஃபோன் பண்ணி ஒடனே எடுக்கச் சொல்லிட்டாராம். இன்னும் மூணு வருஷத்துக்குப் புது பாண்டு போட்டா மறந்துடறேன், இல்லன்னா புகார் குடுப்பேன், போலீஸ் உன்னைத் தேடிக்கிட்டு மெட்ராஸ் ஆபீசுக்கே வரும்ங்கறார்."

"போட்டியா நீ?"

"சத்தியமா இல்ல. சர்வர்ல அந்த ஃபைல் மாறவே இல்லன்னு தொறந்து காட்டினேன். 'நீயே தேதிய மாத்தியிருப்பே'ங்கறார். யார் வந்து போனாங்கங்கற பதிவக் காட்டினேன். 'அதையும் அழிச்சிருப்பே'ங்கறார். எல்லாம் எனக்குத்தான் தெரியுங்கறதால எல்லாத்தையும் நான்தான் செஞ்சிருப்பேனாம். எதத் தொட்டாலும் அது எனக்கே எதிராத் திரும்புது மேடம். வூட்ல சொல்லல. சொன்னா அப்பா ஆபீசுக்கே போய் கால்ல வுழுந்துடுவார்."

தெரிந்துவைத்திருப்பதே ஒரு குற்றமாகிவிட்டால் மனுஷி எந்தப் பக்கம் போவாள்? ராத்திரி முழுக்கப் பிரபா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசுமதி காகிதத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். "அடியில குறுக்க ஒரு கோடு ஓடுது பாரு."

"மெஷின் அழுக்குக்கா," என்றான் செங்கல்வராயன்.

"அழுக்கு இவ்வளவு நேராப் போகாதுப்பா. மெஷின்ல வச்ச காகிதத்தோட விளிம்பு இங்க முடிஞ்சிருக்கு. அந்த நிழல். காகிதம் அரை அங்குலம் குட்டை."

பிறகு லென்ஸை வைத்துக் கோட்டுக்குச் சற்று மேலே எறும்புச் சாரை மாதிரி ஓடிய ஒரு வரியைப் படித்தாள். பில் புத்தகத்தின் பின்அட்டையில் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டாள்: 2002. 1.87. ஏதோ கடைக்கணக்கு என்று பிரபா நினைத்தாள்.

"இந்த சைட்ட எப்படிச் செய்வே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அழுத முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "ஃபிரேம்வொர்க்குன்னு ஒண்ணு மேடம். தலைப்பு எங்க, படம் எங்க, எந்த லிங்க்கத் தட்டினா எந்தப் பக்கம் வரணும்னு முன்கூட்டியே எழுதி வச்ச சட்டம். பெரிய பெரிய ஃபிரேம்வொர்க் இருக்கு, ஆயிரம் பேர் சாப்பிடற கல்யாண மண்டபம் மாதிரி. பத்துப் பக்க சைட்டுக்கு மண்டபம் எதுக்கு? நாலு மூங்கில், ஒரு சாமியானா போதாதா? அதான் நானே சின்னதா ஒண்ணு எழுதினேன். பதினோரே ஃபைல். பேரு தட்டான்."

"தட்டானா!" என்று செங்கல்வராயன் சிரித்தான்.

"லேசா இருக்கும்ல, அதுக்குத்தான். டேட்டாபேஸ்கூட வேணாம். ஒவ்வொரு பக்கமும் வெறும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடுல தொறந்து அடிச்சா பக்கம் மாறிடும். ஆறு கஸ்டமர் சைட்டும் இப்ப அதுலதான் ஓடுது. வேகமும் அப்படி."

"வேற யாருக்குத் தெரியும் அது?"

"யாருக்கும் தெரியாது. எழுதி வைக்க நேரமில்ல."

"அந்த சைட் எந்தெந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு?"

"வெளியூர்ல வாடகைக்கு எடுத்த சர்வர்ல இருக்கு, ஊரே பாக்கறது அதத்தான். அதுல எது மாத்தினாலும் ஆபீஸ் காப்பி எல்லாத்துலயும் தானா மாறிடும். என் மெஷின்ல ஒரு காப்பி. கேசவன்கிட்ட ஒண்ணு. அப்புறம் தாத்தா."

"யார் தாத்தா?"

"சார் ரூம்ல ஒரு அரதப்பழசு கம்ப்யூட்டர். நெட் போயிட்டா கஸ்டமருக்கு அதுல ஓட்டிக் காட்டுவார். உள்ள பேட்டரி செத்துப்போச்சு, யூ.பி.எஸ்.ஸும் கெடையாது. கரண்ட் போயிப்போயி வந்தா அது தேதிய மறந்து பழைய காலத்துக்கே போயிடும். ரூம் புக்கிங் காலண்டர் தப்பாக் காட்டும்னு தெனம் காலைல மொத வேலையா நான்தான் தேதிய சரி பண்ணிட்டு வருவேன். நேத்துகூட ஒம்பதரைக்குப் பண்ணேன்."

"பவர்கட் உங்க தெருவுக்கு எப்ப?"

"ரெண்டுலேர்ந்து நாலு. தெனம்."

வசுமதி மெஷினை அணைத்தாள். "வராயா, வண்டியில பெட்ரோல் இருக்கா? மாமல்லபுரம் போகணும்."

"இருக்குக்கா. ஆனா எனுக்குத் தெரிஞ்சிபோச்சு. அந்தக் கேசவன்தான். படம் போடறவன நம்பவே கூடாது."

"ஏன்டா?"

"எங்க சித்தப்பா வூட்டு செவுத்துல சிங்கம் போடறேன்னுட்டு ஒருத்தன் நாய் போட்டுட்டுப் பூட்டான்."

திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரம். ஆட்டோவின் இரண்டு பக்கமும் வயலும் காற்றும் திறந்து கிடந்தன, பிரபா எதையும் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மணிக்கட்டே வலித்தது.

கடல்நுரை விடுதி, மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் போகும் சாலையில் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. வாசல் பலகையில் 'உதயம் 2006' என்று எழுதியிருந்தது. மேனேஜர் ஹரிசங்கர் பிரபாவைப் பார்த்ததும் சிவந்தார்.

"நீங்கதானாம்மா அது? எலியாம், பல்லியாம்! நாங்க என்ன பாவம் பண்ணோம் உங்களுக்கு? உங்க சம்பளச் சண்டையில என் பொழப்பக் கெடுக்கறீங்களே!"

பிரபா வசுமதிக்குப் பின்னால் நகர்ந்தாள். வசுமதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள், கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி.

"கோவம் நியாயந்தான் சார். நீங்களே பாத்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"கம்ப்யூட்டர்லயா?"

"இல்ல, ஃபேக்ஸ் வந்துது. ரவிச்சந்திரன் அனுப்பினார். அஞ்சு மணி இருக்கும். 'அப்பவே எடுத்துட்டேன், ஒரு புகார் லெட்டர் மட்டும் குடுங்க'ன்னார். குடுத்தேன்."

"கெஸ்ட் யாராவது அந்தப் பக்கத்தப் பாத்துட்டு ஃபோன் பண்ணாங்களா?"

அவர் புக்கிங் நோட்டைப் புரட்டினார். "இல்லையே. நேத்து மதியம்கூட நெட்டுல பாத்துட்டு மூணு ரூம் புக் பண்ணாங்க. அதான் எனக்கும் புரியல."

"நெட்டுல இருக்கற ஃபோன் நம்பர்லயா?"

"ஆமா. புது லைன். நேத்துக் காலைலதான் நம்பர் வந்துது. இந்தப் பொண்ணுகிட்டதான் சொன்னேன், பத்து மணிக்கெல்லாம் மாத்திடுச்சு. அந்த வேலையில கொறை சொல்ல முடியாது."

வசுமதி ஜெராக்ஸை நீட்டினாள். "இதுல இருக்கறது பழசா புதுசா?"

"புதுசு."

"கேசவன்னு ஒருத்தர் நேத்து எங்க இருந்தார் தெரியுமா?"

"இங்கதான். ஒரு மணிக்கு வந்தார். புது நீச்சல் குளத்தப் படம் எடுத்தார். வெளிச்சம் சரியில்ல, வெயில் இறங்கட்டும்னு ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்து ஆறு காப்பி குடிச்சார்."

வெளியே வந்ததும் செங்கல்வராயன் முகம் தொங்கியது. "படம் போடறவன் தப்பிச்சிட்டான்."

"கரண்ட் வந்தப்புறம், நாலரைக்கு நாம ஆபீஸ்ல இருக்கணும்," என்றாள் வசுமதி. "பிரபா, நான் உன்னோட சாட்சி. பாண்டுல சாட்சிக் கையெழுத்து போட வந்திருக்கேன். அதுக்கு மேல நீ ஒண்ணும் பேசாதே."

"அப்ப நான் கையெழுத்து போடணுமா அக்கா?"

"பேனா எடுத்துட்டு வா."

பிரபா கைப்பைக்குள் பேனாவைத் தேடினாள்.

மருந்துக்கடை மாடிப்படி ஓர் ஆள் ஏறும் அகலம். மேலே கிரில் கதவு. மூவரும் உள்ளே போனதும் ரவிச்சந்திரன் வழக்கம்போல அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். "கீழ மருந்துக்கடைக்கு வர்றவன்லாம் மேல ஏறிடறான்," என்றார் வசுமதியிடம், மரியாதையாகவே. ஜன்னல்களில் ஏ.சி.க்காக அட்டை அடித்திருந்தது. ஒரு மூலையில் கேசவன் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஒன்றரை வருஷம் வேலை செய்த அறை, பிரபாவுக்கு இன்று பாதி அளவாகத் தெரிந்தது.

"வந்துட்டியா? நல்ல முடிவு. எனக்கு உன்மேல கோவம் கெடையாதும்மா. பாருங்க மேடம், தங்கச்சி மாதிரி பாத்துக்கிட்டேன்."

"தெரியுது சார்," என்றாள் வசுமதி. "நான் கோர்ட்டு வாசல்ல இருக்கறவ. படிச்சுப் பாக்காம சாட்சி போட மாட்டேன். பத்திரத்தக் குடுங்க."

முத்திரைத்தாள் வந்தது. அவள் முன்பக்கத்தைப் படித்தாள். புரட்டினாள். பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பவரின் ரப்பர் ஸ்டாம்பு, வரிசை எண், வாங்கியவர் பெயர், தேதி: 17-7-2008. பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"அந்தப் பக்கத்தோட ஒரிஜினல் பிரிண்ட்?"

அதுவும் வந்தது.

"நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நான் பதில் சொல்லணும். அதனால சிலது கேக்கறேன். இந்தப் பொண்ணு சர்ட்டிபிகேட்டும் பாண்டும் இருக்கற உங்க ரூம் பத்திரந்தானே? வேற யாராவது போய்வர முடியுமா?"

"சான்சே இல்ல," என்று ரவிச்சந்திரன் சாவியைத் தட்டிக் காட்டினார். "காலைல டெமோ மெஷினத் தொடைக்க இவ ஒரு அஞ்சு நிமிஷம் வருவா. அதோட சரி. நேத்து மதியம் சாப்பிட்டதுலேர்ந்து இவ சர்ட்டிபிகேட் கேட்டு வந்த அஞ்சரை வரைக்கும் நான் அந்த ரூம விட்டு நகரல. ஒரு ஈ உள்ள வரல."

"நல்லது. இந்தப் பக்கம் சர்வர்ல இருந்தப்ப எடுத்த பிரிண்ட்டா?"

"ஆமா. மதியம் ரெண்டு மணிக்கு நெட்டுல பாத்தேன், கரண்ட் போறதுக்கு சரியா முன்னாடி பிரிண்ட் எடுத்தேன்."

"கேசவன், தம்பி, அதே பக்கத்த இப்ப நெட்டுலேர்ந்து காட்டுப்பா. கடைசி வரியப் படி."

கேசவன் பயந்துகொண்டே ரவிச்சந்திரனைப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கினார். "காட்டுடா. இப்பத்தான் சுத்தமாயிடுச்சே."

"'© 2008 கடல்நுரை விடுதி. இந்தப் பக்கம் 0.04 விநாடியில் தயாரானது.'"

"பிரபா, அது என்ன?"

"தட்டான் போடற வரி அக்கா. பக்கத்த உருவாக்க எவ்ளோ நேரம் ஆச்சுன்னு ஒவ்வொரு தடவையும் அதுவே அளந்து எழுதும். நானும் கேசவனும் பந்தயம் கட்டுவோம், யாரு மெஷின்ல..." பேச்சு அப்படியே நின்றது. யாரும் படிக்காத வரி அது. அவளே படிக்கவில்லை.

"உன் மெஷின்ல இருக்கற காப்பி?"

"0.06," என்றாள், திரையைத் தட்டி. குரல் மாறியிருந்தது.

"கேசவனோடது?"

"0.05."

"வருஷம்?"

"ரெண்டுலயும் 2008. அத நான் கையால அடிக்கறதில்ல. எந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுதோ அதோட கடிகாரத்தப் பாத்து அதுவே போட்டுக்கும்."

"சார், உங்க ரூம் மெஷினையும் பாத்துடலாமே?"

"எதுக்கு? அதுல ஒண்ணும் கெடையாது." ஆனால் சாவி ஏற்கனவே கையில் இருந்தது. பயம் இல்லாத மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருந்தது. கதவைத் திறந்தார். தாத்தா உறுமிக்கொண்டே எழுந்தது. பக்கம் வந்தது, முதலில் அலை, பிறகு தென்னை மரம், எலியும் பல்லியும் இல்லாமல், சுத்தமாக.

"பாத்தீங்களா? ஒண்ணுமில்ல!"

"கடைசி வரி, சார்."

ரவிச்சந்திரன் குனிந்தார். அவர் படிக்கவில்லை. செங்கல்வராயன்தான் அவர் தோளுக்கு மேலாக எட்டி உரக்கப் படித்தான்: "'© 2002 கடல்நுரை விடுதி. இந்தப் பக்கம் 1.85 விநாடியில்...' இன்னாது, ரெண்டாயிரத்து ரெண்டா? விடுதியே ரெண்டாயிரத்து ஆறுலதான கட்னாங்கோ!"

வசுமதி பில் புத்தகத்தைத் திறந்து பின்அட்டையைக் காட்டினாள். 2002. 1.87. பக்கத்தில் ஒரிஜினல் பிரிண்ட்டை வைத்தாள். அதன்மேல் ஒரு புதுத் தாளை. புதுத்தாள் அரை அங்குலம் நீண்டு நின்றது.

"பிரிண்ட் எடுத்தா காகிதத்தோட அடியில எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து வந்துதுன்னு விலாசமும் தேதியும் விழும். அது உங்களுக்குத் தெரியும். கத்தரிச்சீங்க. அதுக்கு மேல இந்தப் பொண்ணு எழுதி வச்ச வரி இருக்கறது உங்களுக்குத் தெரியாது. அத விட்டுட்டீங்க."

"இவளே காலைல இந்த மெஷின்ல செஞ்சிருக்கலாமே! தெனம் வர்றாளே!"

"வர்றா. தேதிய சரி பண்ண வர்றா. நேத்து ஒம்பதரைக்குச் சரி பண்ணிட்டா. அப்புறம் ரெண்டு மணிக்குக் கரண்ட் போற வரைக்கும் தாத்தா 2008லதான் இருந்திருக்கும். 2002ன்னு விழணும்னா நாலு மணிக்கு அப்புறம்."

"முந்தாநாள் சாயங்காலமா இருக்கும்! அன்னிக்கும் கரண்ட் போச்சே!"

"பக்கத்துல இருக்கற ஃபோன் நம்பர் நேத்துக் காலைலதான் பொறந்துது. ஹரிசங்கர் சாரக் கேளுங்க. அப்ப நாலுலேர்ந்து அஞ்சு, அவருக்கு ஃபேக்ஸ் போற வரைக்கும். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் கேசவன் மாமல்லபுரத்துல காப்பி குடிச்சுகிட்டிருந்தார். இந்த ரூமுக்குள்ள..." வசுமதி அறைக் கதவைக் காட்டினாள். "ஒரு ஈ உள்ள வரலன்னு நீங்கதான் சொன்னீங்க சார்."

கேசவன் தன் மூலையை விட்டு எழுந்து அறை வாசலுக்கு வந்து நின்றான்.

"எனக்கு புரோகிராமே தெரியாது," என்றார் ரவிச்சந்திரன். குரல் உள்ளே போயிருந்தது.

"நோட்பேடுல அடிக்கத் தெரிஞ்சா போதும். அவ அத அவ்வளவு லேசாச் செஞ்சு வச்சிருக்கா. இன்னொண்ணு. பக்கத்த நேத்து மதியம் ரெண்டு மணிக்குப் பாத்ததாச் சொல்றீங்க. அந்தக் குத்தத்துக்காகப் போட்ட பாண்டுக்கு முத்திரைத்தாள் முந்தாநாள் பதினேழாந்தேதியே இவ பேர்ல வாங்கியாச்சு. பின்பக்கம் தேதி இருக்கு. குத்தம் நடக்கப் போவுதுன்னு உங்களுக்கு ஒரு நாள் முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"

ரவிச்சந்திரன் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அது சுழலும் நாற்காலி. பாதி சுழன்று சுவரைப் பார்த்து நின்றது. அவர் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஆறு சைட்டு," என்றார் சுவரிடம். "ஆறும் அந்தத் தட்டான்ல ஓடுது. பெரிய ஃபிரேம்வொர்க்னா பேப்பர்ல விளம்பரம் குடுத்தா பத்துப் பேர் வருவான். இது உலகத்துலயே ஒருத்திக்குத்தான் தெரியும். நாளைக்கு ஒரு ஸ்கூல்காரன் ஃபோன் பண்ணி ரிசல்ட் பக்கம் வரலன்னா நான் எங்க போவேன்? ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல. சின்னதா இருக்கு, லேசா இருக்குன்னு எல்லாத்தையும் அதுமேல ஏத்திட்டேன். எறங்க வழி தெரியல."

பிரபாவுக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பேன் சார். பதினோரு ஃபைல்தான். நாலு நாள் வேலை. நீங்க எலியும் பல்லியும் எழுதிட்டீங்க."

"நைனா," என்றான் செங்கல்வராயன் கதவில் சாய்ந்தபடி, "மொதல்ல அந்த பீரோவத் தொற. வாசக் கேட்டையும் தொற. பேச்சு அப்பால."

பீரோ கிரீச்சிட்டது. பழுப்பு உறை ஒன்று வெளியே வந்தது. பிரபா உறையை அங்கேயே பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினாள். டிகிரி, எட்டு மார்க் ஷீட்டு, ப்ளஸ் டூ. எல்லாம் இருந்தன. மறுபடி ஒரு தடவை எண்ணினாள்.

பீரோவை ரவிச்சந்திரன் மூடப் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அன்று அந்த அறையில் தானாக அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"என்னோடதும் சார்," என்றான் கேசவன். கையை நீட்டிக்கொண்டு நின்றான். "எனக்கு பாண்டு முடிஞ்சு ஏழு மாசமாச்சு. கேக்கத் தைரியம் வரல."

ரவிச்சந்திரன் அந்தக் கையையே பார்த்தார். பிறகு இன்னொரு உறையை எடுத்தார்.

மாடிப்படி இறங்கும்போது மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். முத்திரைத்தாளையும் குட்டைக் காகிதத்தையும் வசுமதி தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை போலீஸ்னு ஏதாவது பேச்சு வந்தா இதுங்க பேசும்."

"அக்கா, பேனா எடுத்துட்டு வான்னு சொன்னீங்களே! நான் செத்தே போனேன்!"

"நீ பேனாவோட வந்ததாலதான் அவர் கிரில் கதவத் தொறந்தார்."

"எனுக்கு அப்பவே தெரியும்," என்றான் செங்கல்வராயன். "ஓனர்தான்னு."

"படம் போடறவன்னு சொன்னது யாருடா?"

"அது ச்சும்மா, உன்ன டெஸ்ட் பண்ணேன்."

வசுமதியைக் கடை வாசலில் இறக்கிவிட்டு ஆட்டோ ஸ்டேஷன் பக்கம் திரும்பியது. பிரபா உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும் போல. வீடு இருக்கும் ஊரப்பாக்கத்துக்கு அடுத்த வண்டி ஐந்தே காலுக்கு. எல்லாம் முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டபோதுதான் காலையில் வசுமதி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. காட்டணுமா, குடுக்கணுமா?

கைப்பையிலிருந்து புதுக் கம்பெனியின் கடிதத்தை எடுத்தாள். சம்பளத்தைத் தாண்டி, வேலை நேரத்தைத் தாண்டி, லீவு விவரங்களைத் தாண்டி, கையெழுத்துக்கும் கீழே சின்ன எழுத்தில் இருந்த கடைசி வரிக்கு வந்தாள்.

'பணியில் சேரும் நாளன்று அனைத்து அசல் சான்றிதழ்களையும் நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் திருப்பி அளிக்கப்படும்.'

இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கத் தேவையிருக்கவில்லை.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க."

"இன்னாம்மா, எதுனா மறந்துட்டியா? ட்ரெயின் பூடுமே!"

"போகட்டும். கோர்ட்டு வாசலுக்கு விடுங்க."

வசுமதி அப்போதுதான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோவையும் பிரபா கையில் பிரித்துப் பிடித்திருந்த கடிதத்தையும் பார்த்தாள். மெஷினைப் போட்டாள்.

"எத்தனை செட்டு?"

"மூணு அக்கா. நல்லா கருப்பா, தெளிவா விழணும். திங்கக்கிழமை ஒரிஜினலக் காட்டுவேன். ஜெராக்ஸக் குடுப்பேன்."

"ஒத்துக்கலன்னா?"

பிரபா முதல் மார்க் ஷீட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தாள். அதன் நான்கு விளிம்பும் கோட்டுக்குள் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"ஒத்துக்கலன்னா உறையோட திரும்பி வந்துடுவேன்," என்றாள், பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.